நிரலும் பெயரும்

அட்டவணை நமக்குப் புதியதன்று. கடைக்காரரின் பேரேடு, சங்கக் கடையின் கணக்கு, வைத்தியசாலையின் நோயர் பதிவு, பாடசாலையின் வரவு இடாப்பு ஆகிய யாவும் அட்டவணைகளே. தாளிலே கோடுகளை இழுத்து, குறுக்கே செல்வதை நிரை என்றும், மேலிருந்து கீழே இறங்குவதை நிரல் என்றும் பெயரிட்டு வழங்குகின்றோம். ஒரு நிரை ஒரு மாணவனைச் சொல்லும். ஒரு நிரல் எல்லா மாணவர்க்கும் பொதுவான ஒரு செய்தியைச் சொல்லும். நிரலின் தலையிலே ஒரு பெயர் நிற்கும். அந்தத் தலைப்பெயரைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

தாளிலே அட்டவணை எழுதிய காலத்தில் நிரல்களின் தொகைக்கு ஓர் எல்லை இருந்தது. தாளின் அகலமே அந்த எல்லை. கணினி வந்த பின்னர் அந்த எல்லை அகன்றுவிட்டது. இன்று நூறு நிரல், ஆயிரம் நிரல் கொண்ட அட்டவணைகளும் எளிதில் உருவாகின்றன. அவற்றுள் நமக்கு வேண்டியவற்றை மட்டும் பொறுக்கியெடுப்பது எங்ஙனம்? எடுத்தவற்றைக் கூட்டியோ இணைத்தோ ஒன்றாக்குவது எங்ஙனம்? தரவுகளைக் கையாளச் செய்நிரல் எழுதும் ஒவ்வொருவரும் நாள்தோறும் எதிர்கொள்ளும் வினாக்கள் இவை. எளிய வினாக்கள் போலத் தோன்றினும், இவற்றுக்குத் தரும் விடையில் பிழை நேருமாயின் ஒரு பிள்ளையின் பெறுபேறு மாறிவிடும். ஒரு நாட்டின் நோய்க் கணக்கே குறைந்துவிடும். அது நேரும் வகையையும் தடுக்கும் வகையையும் காண்போம்.

நிரலைத் தெரிவுசெய்ய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று இடத்தைச் சுட்டுவது. மற்றொன்று பெயரைச் சுட்டுவது. "ஐந்தாம் நிரல் முதல் பதின்மூன்றாம் நிரல் வரை எடு" என்பது முதல் வழி. நம் இலக்கண நூல்கள் கூறும் நிரல்நிறை என்னும் முறை நேயர்கள் பலர்க்கு நினைவிருக்கும். பெயர்களை ஒரு வரிசையிலும் அவை கொள்ளும் பயனிலைகளை மற்றொரு வரிசையிலும் நிறுத்தி, முதலாவதை முதலாவதோடும் இரண்டாவதை இரண்டாவதோடும் பொருத்திப் பொருள் கொள்வது அது. வரிசை குலையாத வரையில் அழகிய முறைதான். ஆயின் இடையிலே ஒரு சொல் புகுந்துவிட்டால் அதன்பின் வரும் சொற்கள் அனைத்தும் ஒரு படி தள்ளி, பொருந்தாதவற்றோடு பொருந்திவிடும்.

இடத்தைச் சுட்டும் செய்நிரலுக்கும் இதே கதிதான். இவ்வாண்டு புள்ளி அட்டவணையில் ஐந்தாம் நிரல் கணிதமாய் இருந்தது. அடுத்த ஆண்டு எழுதுவினைஞர் ஒருவர் நல்ல நோக்கத்தோடே பிறந்த திகதிக்கென ஒரு நிரலை முன்னே சேர்த்தார் என்க. இப்போது ஐந்தாம் நிரல் கணிதமன்று. ஆனால் கணினி அதனை அறியாது. கேட்ட இடத்தில் இருப்பதை எடுத்துக் கொடுத்துவிட்டு வாளாவிருக்கும். எச்சரிக்கையும் வாராது, ஓசையும் எழாது. ஆதலினாலே அனுபவமுள்ள செய்நிரலாளர் இடத்தை நம்பாது பெயரையே நம்புவர்.

பெயரைச் சொல்லி எடுப்பது பாதுகாப்பானது. எனினும் அதிலும் ஓர் இடர் உண்டு. க.பொ.த. சாதாரண தர வகுப்பொன்றை எடுத்துக்கொள்வோம். மாணவர் ஒவ்வொருவரும் 9 பாடங்கள் கற்கின்றனர். ஆண்டுக்கு மூன்று தவணைகள். எல்லாரும் அதே 9 பாடங்களையே கற்பதாகக் கொண்டால், புள்ளிகளுக்கு மட்டும் 27 நிரல்கள் வேண்டும். இந்த 27 பெயர்களையும் ஒவ்வொன்றாய் எழுதுவது அலுப்பானது. அலுப்பு வந்த இடத்தில் தவறும் வரும். ஒரு பெயர் விடுபட்டால் கண்டுபிடிப்பாரும் இலர். பெயர்களைத் தனித்தனியே கூறாது, அவற்றின் பொதுவான கோலத்தைக் கூறும் முறை இங்கேதான் பயன்படுகின்றது.

கோலம் என்றால் யாது? மேற்கூறிய நிரல்களுக்கு 'த1_கணிதம்', 'த1_தமிழ்', 'த2_கணிதம்', 'த2_தமிழ்' என்றிவ்வாறு பெயரிட்டோம் என்க. தகரம் தவணையைக் குறிக்கின்றது. இலக்கம் எத்தவணை என்பதைச் சொல்கின்றது. பின்னே ஒரு கீழ்க்கோடு. அதன்பின் பாடத்தின் பெயர். 'நடந்தான்' என்ற சொல்லைப் பகுதி, இடைநிலை, விகுதி எனப் பகுத்துக் கற்பிக்கின்றோம் அல்லவா? அதுபோலவே இந்நிரற்பெயரும் ஒரு பகுபதம். உறுப்புகளாய்ப் பிரியக்கூடிய பெயராதலின், உறுப்பைச் சொல்லிப் பெயர்களை அழைக்கலாம். 'த1' எனத் தொடங்குவன யாவும் வருக என்றால் முதலாம் தவணையின் 9 நிரல்களும் வந்து நிற்கும். 'கணிதம்' என முடிவன வருக என்றால் மூன்று தவணைகளின் கணிதப் புள்ளிகள் வந்து நிற்கும். அட்டவணையை இடம் மாற்றாமலே ஒருகால் தவணை வாரியாகவும் மற்றொருகால் பாட வாரியாகவும் அதனைப் பார்க்க இயல்கின்றது. இவ்வசதியை நமக்குத் தந்தது கணினியின் வலிமை மட்டுமன்று. ஒழுங்காய்ப் பெயரிட்டவரின் முன்யோசனையும் ஆகும்.

இம்முறையின் வரலாறு சுவையானது. 1951ஆம் ஆண்டில் ஸ்டீபன் கிளேனி என்னும் அமெரிக்கக் கணித அறிஞர், நரம்புக் கலங்களின் வலைப்பின்னல் எத்தகைய நிகழ்வுத் தொடர்களை இனங்காண வல்லது என ஆராய்ந்தார். அந்த ஆய்வு 1956இல் நூல்வடிவில் வெளிவந்தது. அத்தொடர்களைக் குறிக்க அவர் வகுத்த குறியீட்டு முறையே ஒழுங்குக் கோவை எனப்படுவது. நரம்பைப் பற்றிய ஆராய்ச்சியிற் பிறந்த அம்முறையைக் கென் தொம்சன் என்பவர் 1968இல் எழுத்துகளைத் தேடும் பணிக்குக் கொண்டுவந்தார். பின்னர் யுனிக்ஸ் என்னும் இயக்க முறைமையோடு 'கிரெப்' என்னும் தேடற் கருவி பரவியது. ஒரு கோலத்தைச் சொன்னால், அக்கோலம் அமைந்த வரிகளை எல்லாம் கோப்பிலிருந்து பொறுக்கித் தருவது அக்கருவி.

அக்குறியீட்டு முறையிலே சில அடையாளங்கள் உண்டு. ஒரு புள்ளி, எந்த எழுத்தாயினும் ஆகுக என்று பொருள்படும். உடுக்குறி, அதற்கு முன்னுள்ளது எத்தனை முறையும் வரலாம், வாராமலும் இருக்கலாம் எனக் குறிக்கும். வினாக்குறி, முன்னுள்ளது ஒருமுறை வரலாம் அல்லது வாராதிருக்கலாம் எனக் குறிக்கும். பெயரின் தொடக்கத்தைச் சுட்டவும் முடிவைச் சுட்டவும் தனித்தனிக் குறிகள் உள. இச்சிலவற்றைக் கொண்டே எண்ணிறந்த கோலங்களை எழுதலாம்.

தரவு ஆராய்வோர் இன்று பெரிதும் கையாளும் மொழிகள் இரண்டு. ஒன்று 'ஆர்' என்பது. நியூசிலாந்தின் ஓக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் றொஸ் இஹாக்கா, றொபேட் ஜென்டில்மன் என்னும் இருவர் 1990களின் தொடக்கத்தில் ஆக்கியது. மற்றொன்று 'பைதன்'. ஆர் மொழிக்கென நியூசிலாந்து நாட்டவரான ஹட்லி விக்கம் ஆக்கிய 'டிப்ளையர்' என்னும் துணைத்தொகுதி 2014இல் வெளிவந்தது. அதில், இன்ன எழுத்துகளால் தொடங்குவது, இன்னவற்றால் முடிவது, இன்னவற்றை அகத்தே கொண்டது, இன்ன ஒழுங்குக் கோவைக்கு ஒத்துவருவது என நிரல்களைத் தெரிவுசெய்யும் சார்புகள் தனித்தனியே உள்ளன. தெரிந்தெடுத்த நிரல்கள் அனைத்தின் மீதும் ஒரே செயலை ஒரே கட்டளையால் நிகழ்த்தும் 'அக்ரொஸ்' என்னும் சார்பு 2020இல் வந்து சேர்ந்தது. பைதன் மொழியிலே வெஸ் மக்கின்னி என்பவர் 2008இல் தொடங்கிய 'பாண்டாஸ்' என்னும் துணைத்தொகுதியும் இவ்வாறே கோலத்தால் நிரலெடுக்கும் வசதியைத் தருகின்றது. மொழி எதுவாயினும் கருத்து ஒன்றே.

இனி, பிழை நேரும் வாயில்களைப் பார்ப்போம். கோலத்தால் எடுக்கும்போது இரண்டு வகைத் தவறு நேரலாம். வேண்டாதது வந்து சேர்வது ஒன்று. வேண்டியது விடுபடுவது மற்றொன்று.

முதலாவதற்கு ஓர் எடுத்துக்காட்டு. நம் அட்டவணையில் 27 புள்ளி நிரல்களோடு சுட்டெண், பெயர், தந்தைபெயர், தரம், தொலைபேசி என ஐந்து நிரல்களும் உள்ளன. புள்ளி நிரல்கள் யாவும் தகரத்தால் தொடங்குவன அல்லவா? ஆதலின் 'த' எனத் தொடங்குவன வருக என்கின்றோம். வருவன 27 அல்ல, 30. தந்தைபெயரும் தரமும் உடன் வந்துவிடுகின்றன, தொலைபேசியும் வந்துவிடுகின்றது. நம் கண்ணுக்குத் 'தொ' என்பது வேறோர் எழுத்து. கணினியோ அதனைத் தகரம் ஒன்று, ஒகரக் குறி ஒன்று என இரண்டாய்ச் சேமித்திருக்கின்றது. ஆகவே அதன் கணக்கில் அப்பெயரும் தகரத்தால் தொடங்குவதே. இப்போது எல்லாவற்றையும் கூட்டு என்றால், தந்தையின் பெயரைக் கூட்ட இயலாதென்று கணினி மறுத்து நின்றுவிடும். அந்த மறுப்பு நமக்கு நன்மை, பிழையை அறிந்துகொள்கின்றோம். ஆனால் எண்கள் உள்ள நிரல்களை மட்டும் கூட்டு என்று ஒருவர் அதற்கு வழி செய்துகொடுத்தால், பதினோராம் தரம் என்பது 11 புள்ளிகளாகி ஒவ்வொரு பிள்ளையின் கூட்டுத்தொகையிலும் ஏறிவிடும். எண்ணாய்ப் பதிந்த தொலைபேசி இலக்கமும் ஏறிவிடும். தொலைபேசி இலக்கம் ஏறினால் தொகை கோடிக்கணக்காய்ப் பெருகி உடனே கண்ணிற் படும். 11 ஏறினால் யார் கண்ணிற் படும்? சிறு பிழையே பெரிதும் அஞ்சத்தக்கது.

இதனைத் தவிர்க்கக் கோலத்தை இறுக்கிச் சொல்ல வேண்டும். தகரம், அதன்பின் ஓர் இலக்கம், அதன்பின் கீழ்க்கோடு, இம்மூன்றும் பெயரின் தொடக்கத்தில் இருத்தல் வேண்டும் என்று ஒழுங்குக் கோவையால் எழுதினால் 27 மட்டுமே வரும்.

இலக்கங்களிலும் ஒரு கண்ணி உண்டு. ஆர் மொழியைக் கற்பிப்போர் எடுத்தாளும் புகழ்பெற்ற அட்டவணை ஒன்று, அமெரிக்காவின் 'பில்போர்ட்' பாடல் வரிசையில் 2000ஆம் ஆண்டில் இடம்பெற்ற பாடல்களைப் பற்றியது. அதில் 79 நிரல்கள். பாடியவர், பாடல், நுழைந்த நாள் என்னும் மூன்று போக, எஞ்சிய 76 நிரல்களும் முதலாம் வாரம் முதல் எழுபத்தாறாம் வாரம் வரையானவை. அவற்றின் பெயர்கள் வாரத்தைக் குறிக்கும் இரண்டு எழுத்தும் வார எண்ணுமாய் அமைந்தவை. முதலாம் வாரம் வேண்டுமென்று அவ்விரண்டெழுத்தையும் 1ஐயும் கொண்டு தொடங்குவதைக் கேட்டால், ஒன்றுக்குப் பதிலாகப் பதினொன்று வரும். பத்து முதல் பத்தொன்பது வரையான வாரங்களும் 1ஐக் கொண்டே தொடங்குகின்றன அல்லவா? 01, 02 என இரண்டிலக்கமாய் முன்னரே எழுதியிருந்தால் இந்த இடர் இல்லை.

வேண்டியது விடுபடும் தவறு இதனினும் கொடியது. இருப்பதைக் கண்டு ஐயுறலாம். இல்லாததைக் கண்டு ஐயுறுவது அரிது. இதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் காசநோய்த் தரவுகளிலிருந்து எடுக்கப்பட்ட அட்டவணை ஒன்று தக்க சான்று. அதுவும் ஆர் மொழியின் கற்பித்தல் அட்டவணைகளுள் ஒன்று. 1980 முதல் 2013 வரையான ஆண்டுகளுக்கு, உலக நாடுகள் பலவற்றின் நோயர் தொகை அதில் உண்டு. இலங்கையும் அவற்றுள் ஒன்று. மொத்தம் 7,240 நிரைகள், 60 நிரல்கள். முதல் நான்கும் நாடு, நாட்டின் இரண்டு குறியீடுகள், ஆண்டு என்பன. எஞ்சிய 56 நிரல்களும் நோயர் எண்ணிக்கை. நோய் கண்டறியப்பட்ட வகை நான்கு, பால் இரண்டு, வயதுப் பிரிவு ஏழு. நான்கை இரண்டாலும் ஏழாலும் பெருக்க 56.

அவற்றின் பெயர்கள் 'நியூ_எஸ்பி_எம்014' என்பது போல்வன. 'நியூ' என்பது புதிய நோயர். 'எஸ்பி' என்பது சளிப் பரிசோதனையில் கிருமி காணப்பட்டமை. 'எம்' என்பது ஆண். 014 என்பது பிறப்பு முதல் 14 வயது வரை. ஒரு பெயருக்குள்ளே நான்கு செய்திகள் அடங்கியுள்ளன. நான்கு வகைகளுள் மூன்றின் பெயர்களில் 'நியூ' என்பதன்பின் கீழ்க்கோடு உண்டு. நான்காவதாகிய 'ரெல்' என்னும் வகையின் பெயர்களிலோ அக்கோடு இல்லை. 'நியூரெல்_எம்014' என ஒட்டியே எழுதப்பட்டுள்ளது.

ஒரு சிறு கோடுதானே என்று தோன்றலாம். அன்பர்களே, 'நியூ' என்பதும் கீழ்க்கோடும் கொண்டு தொடங்குவன யாவும் வருக என்று ஒருவர் கட்டளையிட்டால் வருவன 42 நிரல்கள் மட்டுமே. 14 நிரல்கள் வாரா. அந்த 14 நிரல்களிலும் பதிவான ஆண், பெண், குழந்தை, முதியோர் ஆகிய நோயர் யாவரும் கூட்டுத்தொகையிலிருந்து மறைந்துவிடுவர். கணினி பிழை என்று சொல்லாது. சொன்னதைச் சொன்னபடி செய்துவிட்டது. விடையும் பார்வைக்கு நம்பத்தக்கதாகவே இருக்கும். ஆனால் மருந்தும் மருத்துவமனைப் படுக்கையும் எத்தனை வேண்டும் என இவ்விடையைக்கொண்டு ஒருவர் திட்டமிட்டால், ஒரு கீழ்க்கோட்டின் குறை மனிதருக்கு மருந்தின் குறையாய் முடியும். இவ்வட்டவணையைக் கற்பிப்போர் கீழ்க்கோட்டின்பின் வினாக்குறி இட்டு, கோடு இருப்பினும் இல்லாவிடினும் கொள்க என்னும் கோவையை எழுதிக் காட்டுவர். அவ்வாறு எழுதினால் 56உம் வரும். அதுமட்டுமன்று, வகை, பால், வயது என்னும் மூன்றையும் அதே கோவையால் பெயரினின்றும் பிரித்துத் தனித்தனி நிரல்களாகவும் ஆக்கிவிடலாம். தலையிலே ஒடுங்கிக் கிடந்த செய்தி அட்டவணையின் உடலுக்குள் இறங்கிவிடும்.

தமிழிலே நிரற்பெயர் எழுதுவோர் மேலும் விழிப்பாய் இருத்தல் வேண்டும். நம் மொழியின் புணர்ச்சி கணினிக்குத் தெரியாது. 'தமிழ்' என்பதை அகத்தே கொண்ட நிரல்கள் வருக என்றால் 'த1_தமிழ்' வரும்; 'த1_தமிழ்_இலக்கியநயம்' என்பதும் வரும். ஆனால் இலக்கணம் பிழையாது 'த1_தமிழிலக்கியநயம்' என ஒருவர் எழுதியிருந்தால் அது வாராது. ழகரத்தின் மேலிருந்த புள்ளி நீங்கி இகரம் ஏறிவிட்டதாதலின், 'தமிழ்' என்னும் எழுத்துத் தொடர் அங்கே இல்லை. மனிதர் சொல்லைப் பார்க்கின்றோம்; கணினி எழுத்தை மட்டுமே பார்க்கின்றது.

இதனினும் நுண்ணியது ஒன்று உண்டு. 'மொத்தம்' என்னும் சொல்லில் உள்ள ஒகரக் குறியை யுனிக்கோட் முறையில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம். முன்னே நிற்கும் ஒற்றைக் கொம்பு, பின்னே நிற்கும் கால் என இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையிலே இரண்டும் ஒன்றாகவே தோன்றும். இரண்டும் நிகர் என்றே அம்முறையின் விதியும் கூறும். எனினும் நிகராக்கும் பணியை முதலிற் செய்யாது ஒப்பிட்டால், கணினி அவற்றை வெவ்வேறு பெயர்களாகவே கொள்ளும். ஒருவர் தட்டச்சிட்ட 'மொத்தம்' மற்றொருவர் தேடும்போது அகப்படாது ஒளிந்துகொள்ளும். பெயரின் இறுதியில் தவறி விழுந்த ஓர் இடைவெளியும் இவ்வாறே கண்ணுக்குத் தெரியாமல் கருமத்தைக் கெடுக்கும்.

நிரல்களைச் சரியாகத் தெரிந்தெடுத்துவிட்டோம் என்க. அடுத்தது அவற்றை ஒன்றாக்குவது. இங்கே கேட்க வேண்டிய முதல் வினா, வெற்றிடத்தை என் செய்வது என்பதே. ஒரு மாணவி கணிதத்தில் முதலாம் தவணை 72 பெற்றாள். இரண்டாம் தவணை காய்ச்சலால் பரீட்சைக்குத் தோற்றவில்லை. மூன்றாம் தவணை 66 பெற்றாள். நடுவிலுள்ள கலம் வெறுமையாய்க் கிடக்கின்றது. இம்மூன்றையும் கூட்டு என்றால் ஆர் மொழி, வேறு கட்டளை இல்லாதவிடத்து, விடை தெரியாது என்றே சொல்லும். ஒன்று தெரியாதபோது மொத்தமும் தெரியாது என்பது அதன் நியாயம். பாண்டாஸ் தொகுதியோ வெற்றிடத்தை விட்டுவிட்டு 138 என்று சொல்லும். இடை வேண்டுமாயின், எழுதிய இரண்டுக்கும் வகுத்தால் 69. வெற்றிடத்தைப் பூச்சியமாக்கி மூன்றுக்கும் வகுத்தால் 46.

69 எங்கே, 46 எங்கே? பிள்ளை ஒருத்திதான், அவள் எழுதிய விடைத்தாள்களும் அவையேதான். முதற் கணக்கிலே அவள் நன்றாய்க் கற்கும் மாணவி. இரண்டாவது கணக்கிலே பரிகார வகுப்புக்கு அனுப்பப்பட வேண்டியவள். பூச்சியம் என்பது எழுதிப் பெறாத புள்ளி. வெற்றிடம் என்பது எழுதப்படாத பரீட்சை. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவது கணக்கின் பிழை மட்டுமன்று, நீதியின் பிழையும் ஆகும். மற்றொன்றையும் கூறவேண்டும். மூன்று தவணையும் தோற்றாத ஒரு மாணவனின் வெற்றிடங்களை விட்டுவிட்டுக் கூட்டினால், பாண்டாஸ் தரும் கூட்டுத்தொகை பூச்சியம். ஆர் மொழியும் வெற்றிடத்தை விடுக என்று பணித்தால் அவ்வாறே தரும். கூட்டுதற்கு ஒன்றுமில்லாதபோது தொகை பூச்சியம் என்பது கணிதத்துக்குப் பொருந்தும். ஆனால் பட்டியலிலே அம்மாணவன் எழுதித் தோற்றவனாகவே தோன்றுவான். எத்தனை பரீட்சை எழுதினான் என்பதையும் பக்கத்தில் ஒரு நிரலாய்க் காட்டினால் இவ்வநீதி நேராது.

கூட்டுவதே ஒன்றாக்கும் வழி என்றும் கொள்ள வேண்டாம். ஓராண்டில் 'கணிதம்' என்றும் மற்றோராண்டில் 'கணக்கு' என்றும் பெயரிட்ட கோப்புகளை ஒட்டினால், ஒரே பாடம் இரண்டு நிரல்களாய்ப் பிளந்து நிற்கும். ஒன்று நிறைந்த இடத்தில் மற்றொன்று வெறுமையாய் இருக்கும். அங்கே கூட்டுதல் தகாது. இரண்டையும் வரிசையாய்ப் பார்த்து, முதலில் வெறுமையற்றதாய் இருப்பதை எடுத்துக்கொள்க என்று சொல்லும் சார்பு தனியே உண்டு. எது எதனோடு எவ்வகையில் சேரவேண்டும் என்பது பொருளை அறிந்தவர் தீர்க்கவேண்டியது. பெயர்க்கோலம் நிரல்களை அழைத்துவரும். அவற்றின் பொருளை அறியாது.

இதுகாறும் கூறியவற்றினின்று நாம் கைக்கொள்ளத்தக்க நடைமுறைகள் சில உண்டு. அட்டவணை அமைக்கும் அன்றே பெயருக்கு ஒரு விதி செய்துகொள்ளுங்கள்: உறுப்புகள் எந்த வரிசையில் வரும், அவற்றைப் பிரிக்கும் குறி எது, எண்களுக்கு எத்தனை இலக்கம், பாடத்துக்கு எச்சொல். அவ்விதியை ஒரு தாளில் எழுதி, கோப்போடு வைத்துவிடுங்கள். உங்களுக்குப் பின் வருவோர்க்கு அதுவே வழிகாட்டி. அடுத்து, கோலத்தால் நிரல்களை எடுக்கும் முன்னர், எத்தனை வரவேண்டும் என்று கையால் எண்ணிக்கொள்ளுங்கள். மூன்று தவணை, 9 பாடம், ஆகவே 27. வந்தவை 27தானா என்று செய்நிரலையே சோதிக்கச் சொல்லுங்கள். வேறாயின் நின்றுவிடுமாறும் பணித்துவிடுங்கள். காசநோய் அட்டவணையில் 42ஐக் கண்டு திடுக்கிட வேண்டுமாயின் 56ஐ முன்னரே எதிர்பார்த்திருக்க வேண்டும். கூட்டுமுன் வந்த பெயர்களைத் திரையில் ஒருமுறை இட்டு வாசியுங்கள். இறுதியாக, வெற்றிடத்தைப் பற்றிய முடிவைக் கணினியின் வழக்கத்துக்கு விட்டுவிடாது, நீங்களே எடுத்து எழுத்திலே வையுங்கள்.

செய்நிரல் எழுதுவோர் நம்மிடையே இன்று சிலரே ஆயினும், அட்டவணைக்குத் தலைப்பெயர் எழுதுவோர் பலர். வகுப்பாசிரியர், எழுதுவினைஞர், மருத்துவத் தாதி, கிராம அலுவலர், கூட்டுறவுச் சங்கக் கணக்காளர் எனப் பலரும் அதனைச் செய்கின்றனர். அவர்கள் எழுதும் பெயரை எங்கோ ஒருவர் என்றோ ஒருநாள் கோலத்தால் அழைக்கப் போகின்றார். அழைப்போரை அவர்கள் அறியார். எழுதினோரை அவரும் அறியார். இருவர்க்கும் இடையே உள்ள ஒரே உடன்பாடு அந்தப் பெயர்தான். அது ஒழுங்காய் அமைந்தால், நிரையிலே உள்ள ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு நோயரும் கணக்கிலே தத்தமக்குரிய இடத்தைப் பெறுவர். பெயர் குலைந்தால் அவர்கள் ஓசையின்றி விடுபடுவர். விடுபட்டோர் வந்து முறையிடவும் மாட்டார். அவர்கள் பொருட்டேனும், நேயர்களே, நாம் எழுதும் பெயரைச் சற்று நின்று நிதானித்து எழுதுவோமாக.